வீட்டுக்குள் ஒரு கார்கானா: பனாரஸ் சேலையின் வரலாற்றிலிருந்து

இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் ஆட்சியின் சின்னங்களை விவரிக்குமிடத்து, 'திராஸ்' பற்றித் தனியே ஒரு பகுதி எழுதியுள்ளார். மன்னரின் பெயரைப் பொன்னிழையாலோ நிற இழையாலோ துணியிலேயே நெய்வது திராஸ். அதற்கென அரண்மனைகளில் நெசவுக்கூடங்கள் இருந்தன. அவற்றை மேற்பார்க்க 'ஸாஹிபுத் திராஸ்' எனும் அதிகாரியும் இருந்தார். இன்று எஞ்சியிருக்கும் அத்துணிகளில் கலீஃபாவின் பெயரைக் காண்கிறோம். சிலவற்றில் வஸீரின் பெயரும் நெய்யப்பட்ட ஊரின் பெயரும் உள. நெய்தவரின் பெயரைக் காண்பது அரிது.

அக்பரின் அரசவையிலும் இத்தகைய கூடங்கள் இருந்தன. அபுல் ஃபஸ்லின் 'ஆயினே அக்பரீ' அவற்றைப் பேசுகிறது. 'கார்கானா' என்பது அவற்றின் பெயர்; பாரசீகத்தில் 'வேலை நடக்கும் வீடு' என்பது பொருள். பனாரஸின் மதன்புரா, அலாயிபுரா பகுதிகளில் வாழும் முஸ்லிம் நெசவாளர்கள் இன்றும் இச்சொல்லை வழங்குகின்றனர். ஆனால், அவர்கள் குறிப்பது தம் வீட்டில் தறி கிடக்கும் அறையை! அரண்மனைச் சொல் அடித்தளத்து அறைக்குக் குடிவந்துவிட்டது.

அவ்வறையில் நெய்பவர் ஆண். குழித்தறியில் கால்களை இறக்கி அவர் அமர்வதற்கு முன்பே அவ்வீட்டில் பல நாள் வேலை நடந்து முடிந்திருக்கும். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூல் சிட்டங்களைப் பிரிப்பதும், இராட்டையில் சுற்றுவதும், ஊடைக்குரிய தார் சுற்றுவதும் தாய், மனைவி, மகள் ஆகியோர் பணி. (நாம் தமிழில் சொல்லும் 'ஜரிகை'யிலும் பொன்னைக் குறிக்கும் 'ஸர்' எனும் பாரசீகச் சொல்லே உறைகிறது.)

பூவேலைக்கு இருமுறைகள் உள. 'கட்வா' முறையில் ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித்தனியே இழை செலுத்தப்படும். சேலையின் மறுபுறமும் துப்புரவாக இருக்கும். நுணுக்கமான வேலையாயின் ஒரு சேலைக்கு மாதங்கள் ஆகும். 'பேக்வா' முறையில் பூவிழை கரைக்குக் கரை வீசப்படும். பூக்களுக்கிடையே மறுபுறத்தில் நூல் தொங்கிக் கிடக்கும். தறியிலிருந்து இறக்கியபின் அத்தொங்கலைக் கத்தரித்தெடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். பட்டில் படாமல் இழையை மட்டும் வெட்ட வேண்டும். கை ஒருமுறை தவறினாலும் சேலை பழுதாகிவிடும். இதனைத் 'துணைவேலை' என்பது எவ்வகையில் பொருந்தும்?

பூ வடிவத்தை முதலில் நூலிலேயே கட்டித் தருபவர் 'நக்‌ஷபந்த்'. இச்சொல்லைக் கேட்டதும் நம் வாசகர்களுக்குப் புகாராவின் ஹள்ரத் பஹாவுத்தீன் நக்‌ஷபந்த் (1318–1389) அவர்களின் தரீக்காவே நினைவுக்கு வரும். அவர்களின் குடும்பத்தார் சித்திர நெசவு செய்தவர்கள் என்பதே அப்பெயருக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. 20ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு அட்டைகள் வந்தபின் நூற்கட்டுகளுக்குத் தேவை குறைந்தது.

பெயரைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். 'ஜுலாஹா' எனும் பாரசீகச் சொல் நெசவாளரைக் குறிப்பதே. கபீர் தம்மை அவ்வாறே அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அது இழிசொல்லாக ஒலிக்கவே, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சமூகத்தார் மதீனத்து அன்ஸார்களோடு தம்மை இணைத்து 'அன்ஸாரி' எனும் பெயரை நிலைநாட்டினர். கண்ணியத்துக்காக நடந்த அரும்பெரும் முயற்சி அது. எனினும், கார்கானாவில் யார் யார் தொழிலாளர் எனும் கணக்கை அது மாற்றவில்லை என்பது நம் கருத்து.

2009ஆம் ஆண்டு பனாரஸ் சேலை புவிசார் குறியீடு பெற்றது. வாரணாசி உள்ளிட்ட ஆறு மாவட்டங்கள் அதில் அடங்கும். விசைத்தறிப் போலிகளிடமிருந்து ஊரின் பெயரைக் காப்பது அதன் நோக்கம். 2019–20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்போ, நாடெங்குமுள்ள ஏறத்தாழ 35 இலட்சம் தொழிலாளருள் சுமார் 8.5 இலட்சம் பேரை நெசவாளராகக் கொள்ளாது, 'துணைத் தொழிலாளர்' எனப் பிரித்து வைத்தது.

கூலிக் கணக்கு இதனினும் கடுமையானது. நூலும் வடிவமும் தந்து வேலை வாங்குபவரைப் பனாரஸில் 'கிரஹஸ்தா' என்பர். 'இல்லறத்தார்' என்பதே அதன் நேர்பொருள்! சேலை முடிந்தபின் கூலி ஒரே தொகையாக நெய்தவரிடம் தரப்படும். அதில் தார் சுற்றியதற்கெனத் தனிக்கூலி பெரும்பாலும் இல்லை. பிறர் வீட்டுச் சேலையைக் கத்தரித்துத் தரும் பெண்ணுக்குச் சேலைக்கு இவ்வளவு எனச் சிறுதொகை கிடைக்கும். தன் வீட்டுத் தறியில் இறங்கிய சேலையாயின், அதுவும் இல்லை.