வெந்த கால்கள்

சரித்திரம் என்றால் மன்னர்களும் போர்களும் என்று நமக்குப் பழகிப் போய்விட்டது. எந்த அரசன் எந்த ஆண்டில் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன் உடனே சொல்லிவிடுவான். மனிதர்கள் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக அடுப்பு மூட்டி வருகிறார்களே, அந்த அடுப்பு எத்தனை பேரைச் சுட்டது, சுடப்பட்டவர்கள் எப்படி எழுந்து நடமாடினார்கள் என்று கேட்டால் சரித்திர ஆசிரியரே விழிப்பார். போர்க்களத்தில் வாங்கிய தழும்புக்குப் புலவர்கள் பாட்டுப் பாடினார்கள். அடுப்படியில் வாங்கிய தழும்பைப் புடைவைத் தலைப்பால் மூடிக்கொள்ளும்படி அல்லவா வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள்!

நான் கதை எழுதிப் பிழைப்பவன். சரித்திரத்தின் ராஜகோபுர வாசலைவிட அதன் கொல்லைப்புற வாசலில் எனக்கு ஈடுபாடு அதிகம். அந்த வழியாக நுழைந்தபோது அகப்பட்ட ஒரு வரலாற்றை இங்கே சொல்லப்போகிறேன். இது நடந்தது நம் நாட்டில் அல்ல. அமெரிக்காவில், கான்ஸாஸ் மாகாணத்தில். ஆனால் அடுப்பு எந்தத் தேசத்தில் இருந்தால் என்ன? அதன் குணம் ஒன்றுதான்.

கான்ஸாஸ், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளியாகக் கிடக்கும் பூமி. குளிர்காலத்தில் அங்கே வீசும் காற்று எலும்பு வரை போய்த் தொடும். அந்த நாளில் கிராமத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார். அந்த அறைக்குள் விறகோ நிலக்கரியோ போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு ஒன்று இருக்கும். நம் ஊர் அடுப்பு சோறு வடிக்க; அந்த அடுப்பு அறையைச் சூடாக்க. காலையில் முதலில் வருகிறவர்கள் அதை மூட்டி வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் வரும்போது அறை கதகதப்பாக இருக்கும்.

1917-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை, அங்கே இருந்த அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கன்னிங்ஹாம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் வந்துவிட்டார்கள். மூத்தவன் ஃப்ளாயிடுக்கு வயது 13. தம்பி க்ளென்னுக்கு 7 முடிந்து 8 நடந்துகொண்டிருந்தது. அடுப்பைச் சீக்கிரம் பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது அங்கே வழக்கம். நம் பாட்டிமார்கள் கிருஷ்ணாயில் என்று சொல்வார்களே, அதேதான். ஈர விறகு புகைந்துகொண்டு பற்றாமல் அழிச்சாட்டியம் செய்யும்போது அதில் ஒரு கரண்டி விடுகிற வழக்கம் நம் வீடுகளிலும் இருந்ததுதான்.

அன்றைக்கு அந்த மண்ணெண்ணெய் டப்பாவில் யாரோ தவறுதலாகப் பெட்ரோலை ஊற்றி வைத்திருந்தார்கள்.

இரண்டும் பூமிக்கடியிலிருந்து வருகிற எண்ணெய்தான். ஆனாலும் சுபாவத்தில் பெரிய வித்தியாசம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 40 டிகிரி செல்ஷியஸ் சூடேறினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலோ, தண்ணீர் உறைகிற குளிருக்கும் 40 டிகிரி கீழே போனால்கூட ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு பரவும். ஒரு பொறி போதும், அறை முழுதும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். அப்படித்தான் அன்று பற்றிக்கொண்டது. அடுப்பு வெடித்தது. மூத்த பிள்ளை ஃப்ளாயிட் பிழைக்கவில்லை. க்ளென்னின் இரண்டு கால்களும் வெந்துபோயின. முழங்காலிலும் கணைக்காலிலும் சதை இல்லை. இடது பாதத்தில் விரல்கள் போய்விட்டன. பாதத்தின் வளைவும் சிதைந்துவிட்டது.

கால்களை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இதைக் கேட்டவுடன் நமக்கு அவர்கள் மேல் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பெனிஸிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல். அது நோயாளிகளின் கைக்கு எட்டியது 1940-களில். வெந்த உடம்பிலிருந்து நீர் வடிந்துபோவதே முதல் இரண்டு மூன்று நாட்களில் பலரைக் கொல்கிறது என்று அண்டர்ஹில் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆராய்ந்து சொன்னதுகூட, 1921-ல் நியூ ஹேவன் நகரத்து நாடகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்த பிறகுதான். 1917-ல் ஒரு கிராமத்து வைத்தியர் என்ன செய்வார்? புண் அழுகி விஷம் ஏறினால் பிள்ளையே போய்விடுவான். கால் போனாலும் உயிர் மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பார். அது அந்தக் காலத்து நியாயம்.

பையன் அழுது மன்றாடினான். பெற்றவர்கள் கால்களை எடுக்கச் சம்மதிக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், மற்றப் பிள்ளையின் உயிரைப் பணயமாக வைத்து எடுத்த முடிவு அது. துணிச்சல் என்று இன்று சொல்கிறோம். பையன் இறந்திருந்தால் மூடத்தனம் என்று சொல்லியிருப்போம்.

கால்கள் தப்பின. ஆனால் கால்கள் இருப்பது வேறு, நடப்பது வேறு.

தீப்புண்ணின் கொடுமை அது ஆறுகிறபோதுதான் ஆரம்பிக்கிறது. ஆழமாக வெந்த இடத்தில் பழைய தோல் திரும்பி வருவதில்லை. அந்த இடத்தை இட்டு நிரப்புவது தழும்பு. தழும்புக்குச் சுருங்குகிற குணம் உண்டு. மாதக்கணக்கில் அது சுருங்கிக்கொண்டே போய், பக்கத்து மூட்டையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. முழங்காலுக்குப் பின்னால் வெந்திருந்தால் கால் மடங்கியபடியே நின்றுவிடும். கழுத்தில் வெந்திருந்தால் மோவாய் மார்போடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் புதிய ஞானம் அல்ல. நம் சுஸ்ருதர் தீக்காயங்களை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலட்சணம் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் பிறந்து ஸ்விட்ஸர்லாந்தில் வைத்தியம் செய்த ஃபாப்ரிஷியஸ் ஹில்டானஸ் 1607-ல் தீக்காயங்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். வெந்து மடங்கிப்போன விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்த ஒரு கருவியும் அமைத்தார். இழுக்கிற தழும்பை எதிர்த்து நாமும் விடாமல் இழுக்க வேண்டும் என்ற தத்துவம் 400 வருஷங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்து என்ன? அதைச் செய்யப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். நாள் தவறாமல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலியில் அலறுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிற மனசு வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தாள். விறகடுப்பில் வெந்நீர்த் தவலையை இறக்கும்போது தலைப்பில் தீப்பிடித்து வலது கை வெந்துபோனது. மூன்று மாதத்தில் புண் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியில், கையை நீட்டி மடக்கிப் பழக்கவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நீட்டினால் வலி உயிர் போகும். மாமியார் நல்லவள். "பாவம், அவளை ஏன் ஹிம்சைப்படுத்துகிறீர்கள்? பட்டதெல்லாம் போதாதா?" என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் எல்லாருமே அவளிடம் அன்பாக இருந்தார்கள். ஒரு வேலை செய்யவிடவில்லை. அந்த அன்பிலேயே முழங்கை மடங்கிப்போய், பிற்பாடு தன் தலையைத் தானே வாரிக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. கான்ஸாஸ் பையனின் கதையைப் படித்தபோது அந்தக் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த மாமியாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலிக்கும் என்று தெரிந்தும் தொடுவதற்கு, தொடாமல் இருப்பதைவிடக் கடினமான அன்பு வேண்டியிருக்கிறது.

க்ளென் கன்னிங்ஹாமின் தாய்க்கு அந்த அன்பு இருந்தது. தினந்தோறும் மகனுடைய கால்களைப் பிடித்துவிட்டாள். தேய்த்தாள், நீட்டினாள், மடக்கினாள். பண்ணை வேலை, சமையல் வேலை, மற்றப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இது. பையன் மறுபடி எழுந்து நடக்க முயன்றது 1919-ம் ஆண்டுக் கோடையில். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு வருஷங்கள்! பிறகு நடந்தான். நடப்பதைவிட ஓடும்போது வலி குறைவாக இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே போகிற இடத்துக்கெல்லாம் ஓடினான்.

வளர்ந்த பிறகும் அந்தக் கால்கள் மற்றவர்களுடைய கால்களைப்போல ஆகிவிடவில்லை. தழும்பேறிய கால்களில் இரத்த ஓட்டம் சரியாக இல்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் சுமார் ஒரு மணி நேரம் அவற்றைத் தேய்த்தும் மெல்ல ஓடியும் பதப்படுத்திக்கொண்ட பிறகே களத்தில் இறங்குவார். மற்றவர்களுக்குப் பந்தயம் துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பமாகும். அவருக்கு அதற்கு ஒரு மணி முன்பே.

1932-ல் லாஸ் ஏஞ்ஜலிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். 1934 ஜூன் மாதம் பிரின்ஸ்டனில் ஒரு மைல் தூரத்தை 4 நிமிஷம் 6.8 விநாடியில் ஓடினார். அதற்கு முன் உலகத்தில் எவரும் அத்தனை வேகமாக ஒரு மைல் ஓடியதில்லை. 1936 ஆகஸ்டு 6-ம் தேதி பெர்லின் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் இறுதிப் பந்தயம். இரண்டு நாளைக்கு முன்புதான் அவருக்கு 27 வயது நிறைந்திருந்தது. நியூஸிலாந்துக்காரரான ஜாக் லவ்லாக் முதலில் வந்தார். கன்னிங்ஹாம் 3 நிமிஷம் 48.4 விநாடியில் இரண்டாவதாக வந்தார். அந்த இரண்டாவது ஓட்டமே, அதுவரை இருந்த உலக சாதனையைவிட வேகமானது! இன்னொரு வேடிக்கை: லவ்லாக் வைத்தியம் படித்தவர். கால்களை எடுத்துவிடலாம் என்று சொன்ன வைத்திய உலகம், கடைசியில் தன் ஆள் ஒருவரை அனுப்பித்தான் அந்தக் கால்களை ஜெயிக்க வேண்டியிருந்தது.

பெர்லினில் அவர் ஓடியதை விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். தாயார் எத்தனை மணி நேரம் அந்தக் கால்களைப் பிடித்துவிட்டாள் என்று யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை.

1940-ல் நடக்க இருந்த ஒலிம்பிக்கை யுத்தம் விழுங்கிவிட்டது. கன்னிங்ஹாம் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். பிறகு மனைவி ரூத்துடன் கான்ஸாஸில் ஒரு பண்ணை வைத்து, போக்கிடம் இல்லாத பிள்ளைகளையும் வழி தவறிய பிள்ளைகளையும் அங்கே வைத்துப் பராமரித்தார். முப்பது வருஷ காலத்தில் அப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவர்கள் கையில் வளர்ந்து போனார்கள். 1988-ல் தமது 78-வது வயதில் காலமானார்.

இன்று நம் வீடுகளில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் விறகடுப்பு மூட்டுகிற கைகள் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 1,80,000 பேர் தீக்காயங்களால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சுட்ட இடத்தில் பேனா மையும் பற்பசையும் இட்லி மாவும் பூசுகிற வைத்தியம் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயைத் திறந்து, வெறும் பச்சைத் தண்ணீரை இருபது நிமிஷம் அந்த இடத்தில் ஓட விடவேண்டும். ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். காயம் பெரிதானால் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இதெல்லாம் முதல் நாள் வேலை. சென்னைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியைப்போலத் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உள்ள இடங்களில், தோல் ஒட்டிப் புண்ணை ஆற்றுவதோடு நிறுத்துவதில்லை. கைகால்களை எப்படி நீட்டி மடக்கவேண்டும் என்றும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வீட்டில்தான். "வலிக்கிறது, இன்றைக்கு வேண்டாம்" என்று ஒரு குரல் கெஞ்சும். கேட்கிறவர்களுக்கு மனசு இளகும். அப்போது, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா, இன்னும் பத்துத் தடவைதான்" என்று சொல்லி, அந்தக் கையை மெதுவாகப் பிடித்து நீட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இருக்கிற வீட்டில், தழும்பு இருந்தாலும் கை இருக்கும்.