ஓரத்தில் நீட்டிய சீட்டு: பொருநைக் கரையில் கீற்றுச் சாளரம் வந்த வரலாறு

கணினித் திரையில் தோன்றும் உரையாடல் சாளரத்தின் மேல்விளிம்பில் வரிசையாகத் தலைநீட்டும் சிறு பட்டைகளுள் ஒன்றைச் சொடுக்கினால் அதற்குரிய பக்கம் மட்டும் முன்வர, மற்றவை அதன் பின்னால் மறையும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘டேப்’ என்பர். தமிழில் அது மென்பொருளுக்கு மென்பொருள் மாறிக் கீற்று, தாவல், தத்தல் என வழங்குகிறது. கணினிக் காலத்தின் கண்டுபிடிப்பாக அது தோன்றினாலும், உண்மையில் அலுவலகத் தாளிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்த ஒரு பழக்கமே ஆகும். திருநெல்வேலியிலும், பொருநை எனப்படும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கிலும் அப்பழக்கம் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, தாளின் ஓரத்தில் குத்தும் சீட்டாக, வேறொரு பெயரில் வேரூன்றியிருந்தது. அந்தப் பழைய வடிவத்துக்கும் நிரலாளர்கள் எழுதிய புதிய வடிவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு, மேலோட்டமாகப் பார்ப்பவர் எண்ணுவதைவிடப் பெரியது.

ஏட்டுச் சுவடிக்கு அத்தகைய ஓரச்சீட்டு இருந்ததில்லை. துளையிட்டுக் கயிறு கோத்த ஓலைகளின் ஓரத்தில் தமிழ் எண்களால் ஏட்டெண் குறிக்கப்பட்டதே தவிர, கட்டை அவிழ்க்காமல் வேண்டிய இடத்தை வெளியிலிருந்தே காட்டும் அடையாளம் ஏதும் அதில் இல்லை. 1889-இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உ.வே. சாமிநாதையர் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களின் கவிராயர் வீடுகளில் ஏடு தேடியபோது, கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நூலை மனப்பாடமாக அறிந்தவருக்கு அடையாளச் சீட்டு தேவைப்படுவதில்லை என்பதால், இதனைச் சுவடி மரபின் குறையென்று சொல்லிவிடவும் இயலாது.

ஓரச்சீட்டு ஆட்சியோடு வந்தது. 1801-இல் கர்நாடகப் பகுதியின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு முழுமையாக மாறிய பின், திருநெல்வேலி மாவட்டத்தின் நிலவரி, பாசனம், கோயில் நிர்வாகம் ஆகியவை தாளில் எழுதப்படும் காரியங்களாயின. கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஆட்சியர் அலுவலகம் உட்பட, சென்னை மாகாணத்து அலுவலகங்களில் காலப்போக்கில் உறுதிப்பட்ட முறையில், ஒவ்வோர் எழுத்தரும் தம்மிடம் வரும் தபால்களைத் தன்பதிவேட்டில் பதிந்து எண்ணிட்டு, வந்த கடிதங்களை நடப்புக் கோப்பாகவும், அவற்றைப் பற்றிய ஆய்வையும் பரிந்துரையையும் குறிப்புக் கோப்பாகவும் பிரித்து வைத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். கால்வாய்த் தகராறு ஒன்றைப் பற்றிய கோப்பில் பழைய ஆணை, கிராமக் கணக்கு, வரைபடம், மனு என நூற்றுக்கணக்கான தாள்கள் இருக்கக்கூடுமாதலால், அதிகாரி பார்க்கவேண்டிய தாள்களின் ஓரத்தில் எழுத்து குறித்த சிறு சீட்டுகள் வெளியே தெரியுமாறு குத்தப்பட்டன. இவற்றுக்கு ‘ஃபிளாக்’ என்று பெயர். குறிப்பின் இடையே ‘ஃபிளாக் ஏ காண்க’ என்று எழுத்தர் எழுதியிருப்பார்; அதிகாரி அச்சீட்டைப் பிடித்துத் திருப்பினால் உரிய தாள் திறக்கும்; கோப்பு முடிவுற்றதும் சீட்டுகள் எடுக்கப்பட்டுவிடும்.

இந்த இறுதிச் செய்தியே இங்கு முக்கியமானது. ஃபிளாக் என்பது கோப்பின் நிலையான உறுப்பன்று. ஒரு குறிப்பிட்ட வாதத்துக்காக, அந்த வாதத்தை எழுதியவரே, அந்த வேளைக்கு மட்டும் வைத்த சுட்டு. இதற்கு நேர்மாறானது அமெரிக்க அலுவலகங்களில் அதே காலத்தில் உருவான சீட்டு. மெல்வில் டூயி தோற்றுவித்த லைப்ரரி பியூரோ நிறுவனத்தைச் சார்ந்த ஜேம்ஸ் நியூட்டன் கன், அட்டைகளின் மேல்விளிம்பில் நீட்டிய பட்டைகளால் தொகுதிகளைப் பிரித்துக் காட்டும் முறைக்கு 1897-இல் காப்புரிமை பெற்றார். அப்பட்டைகள் உள்ளடக்கம் வருவதற்கு முன்பே பகுப்பை வரையறுத்துவிடுபவை. கணினித் திரைக்குச் சென்றது கன்னின் பட்டையே அன்றி, கொக்கிரகுளத்து எழுத்தரின் ஃபிளாக் அன்று.

திரைக்கு அது சென்ற வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1992-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஓஎஸ்/2 இரண்டாம் பதிப்பு, கம்பிச் சுருள் கோத்த குறிப்பேட்டின் படத்தையே வரைந்து அதன் ஓரத்தில் பட்டைகளை ஒட்டியது. மோட்டிஃப், ஜிடிகே ஆகிய கருவித்தொகுதிகள் இவ்வுறுப்புக்கு ‘நோட்புக்’ என்றே பெயரிட்டன. கருவித்தொகுதி என்பது பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி போன்ற திரை உறுப்புகளை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக வரையாமல் எடுத்தாளுமாறு முன்கூட்டியே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பாகும். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, அமைப்புகளை மாற்றும் சாளரங்கள் பலவற்றையும் ‘பிராப்பர்ட்டி ஷீட்’ என்னும் பட்டையிட்ட வடிவில் தந்ததால், அதுவே உலகெங்கும் பழகிய முகமாயிற்று.

அதே ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகிய இருவர் பொதுவெளியில் வைத்த கியூட்டி கருவித்தொகுதி, இவ்வுறுப்பின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. பட்டைகளின் வரிசை தனி உறுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் காட்டும் பக்க அடுக்கு வேறோர் உறுப்பு. பட்டை மாறியது என்ற சமிக்ஞை முதலாவதிலிருந்து புறப்பட்டு இரண்டாவதைச் சென்றடைந்ததும் பக்கம் மாறுகிறது. தொடக்கப் பதிப்புகளில் சரி, ரத்து, செயல்படுத்து என்னும் பொத்தான்களோடு கூடிய ஆயத்த உரையாடல் சாளரம் ஒன்றும் இருந்தது. 2005-இல் வந்த நான்காம் பதிப்பு அதனைப் பழைய நிரல்களுக்கான துணைத்தொகுதிக்குத் தள்ளிவிட்டு, பட்டை உறுப்பையும் சாதாரண உரையாடல் சாளரத்தையும் நிரலாளரே இணைத்துக்கொள்ளட்டும் என விட்டது.

கடினம் பட்டைகளை வரைவதில் இல்லை. மறைந்திருக்கும் பக்கங்களுக்குப் பொறுப்பேற்பதில் உள்ளது. விண்டோஸின் பிராப்பர்ட்டி ஷீட்டில், ஒரு பக்கத்தைப் பயனர் முதன்முறை திறக்கும்போதே அப்பக்கத்தின் சாளரம் உருவாகிறது. திறக்கப்படாத பக்கத்தின் பெட்டியிலிருந்து மதிப்பைப் படிக்க முயலும் நிரல், இல்லாத ஒன்றிடம் கேள்வி கேட்பதாகிவிடும். பயனர் ஒரு பக்கத்தைவிட்டு நீங்குகையில் அதிலுள்ள பிழையைத் தடுக்கவேண்டுமா, இறுதியில் ‘சரி’ அழுத்தும்வரை பொறுக்கவேண்டுமா என்பதையும் நிரலாளர் தீர்மானிக்கவேண்டும். பட்டைகள் ஒரு வரிசைக்கு மேற்பட்டால், பின்வரிசைப் பட்டையைத் தொட்டவுடன் அவ்வரிசை முழுவதும் முன்னே வந்து, பயனர் மனத்தில் பதிந்திருந்த இடவரிசை குலைந்துவிடும். குறிப்பேட்டை ஒப்புமையாகக் கொண்டு தொடங்கிய வடிவம், எந்தக் குறிப்பேடும் செய்யாத ஒன்றை இங்கே செய்கிறது.

பட்டைச் சாளரம் எழுதும் இவ்விலக்கணம் திருநெல்வேலிக்கு முதலில் பாடமாகவே வந்தது. 1981-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும், 1990-இல் நிறுவப்பட்டு அபிஷேகப்பட்டியில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், சந்திப்பு, வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பகுதிகளில் பெருகிய தனியார் கணினிப் பயிற்சி மையங்களும் அதற்கு வாயில்களாயின. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அண்ணா பல்கலைக்கழகம் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பின், ‘விஷுவல் புரோகிராமிங்’ என்னும் தாள் விஷுவல் சி++ மென்பொருளின் உரையாடல் சாளரங்களைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதைப் பற்றி டேவிட் க்ருக்லின்ஸ்கி எழுதிய நூல் ஆய்வக மேசைகளில் புழங்கியது.

கல்லூரிச் செயல்திட்டங்களில் பரவலாகக் கையாளப்பட்டது விஷுவல் பேசிக். அதன் பட்டை உறுப்புகளுள் ஒன்றான ‘எஸ்எஸ்டேப்’ ஒரு விசித்திரமான உத்தியால் இயங்கியது. தெரிவு செய்யப்படாத பக்கங்களின் பெட்டிகளையும் பொத்தான்களையும் அது மறைப்பதில்லை. அவற்றை 75,000 டுவிப் இடப்புறமாகத் தள்ளிவிடுகிறது. டுவிப் என்பது ஓர் அங்குலத்தின் 1,440-இல் ஒரு பங்காதலால், அவை திரைக்கு வெளியே ஐம்பது அங்குலத்துக்கும் அப்பால் உயிரோடு காத்திருந்தன. அவற்றுக்குரிய குறுக்கு விசையை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குக் கவனம் போய்ச் சேர்ந்தது. மளிகைக்கடை இருப்பு, மருத்துவமனைப் பதிவு, நூலகக் கணக்கு என்று மாணவர்கள் படைத்த செயல்திட்டங்களில், பட்டைகளைக் கூட்டுவது மிக எளிது என்பதாலேயே, ஒரே நேரத்தில் கண்ணில் படவேண்டிய செய்திகளும் தனித்தனிப் பக்கங்களாக வெட்டப்பட்டன என்று கருத இடமுண்டு. கருவி எளிதாக்குவதையே வடிவமைப்பாளர் செய்துவிடும் இயல்பு எல்லா ஊர்களுக்கும் பொதுவானது.

பட்டையின் மேல் தமிழ் எழுதப்படவேண்டும் என்ற நிலை வந்தபோது சிக்கல் வேறு திசையில் பெருகியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்களும், அவற்றுக்கு முன்பிருந்த குறியாக்கங்களும், இலத்தீன் குறிகளுக்குரிய எண்ணிடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பக்கத்தின் எழுத்துருவை நிரலாளர் மாற்ற முடிந்தாலும், பட்டையின் தலைப்பைக் கருவித்தொகுதியே தன் எழுத்துருவில் வரைந்ததால், உள்ளே தமிழும் மேலே பொருளற்ற இலத்தீன் குறிகளும் தோன்றின. விண்டோஸ் 2000, 2002-இல் வந்த ஜிடிகே இரண்டாம் பதிப்பு, கியூட்டியின் மூன்றாம் பதிப்பு வரிசை ஆகியவை ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோத்து வரையத் தொடங்கிய பிறகே இது தீர்ந்தது. தமிழக அரசு ஒருங்குறியைத் தர அளவாக அறிவித்தது 2010 ஜூனில். அதன் பின்னும் நீளம் எஞ்சியது. விண்டோஸின் உரையாடல் சாளர வார்ப்புருக்களில் அளவுகள் முன்கூட்டியே எண்ணாக எழுதப்பட்டிருந்தமையால், ஆங்கிலச் சொல்லைவிட அகலமான தமிழ்ச் சொல் வெட்டுண்டது; உறுப்பின் அளவை உரையிலிருந்து தாமே கணக்கிடும் கியூட்டியும் ஜிடிகேயும் இதில் தமிழுக்கு இணக்கமாயிருந்தன. குறுக்கு விசைக்கான குறியை எழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் இடையே தவறி வைத்தால் கொம்பும் காலும் பிரிந்து சிதறும் என்பதும் மொழிபெயர்ப்பாளர்கள் அனுபவத்தில் கண்டறிந்ததே.

சொல்லாக்கத்தில் நேர்ந்தது இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் டேப் என்னும் ஒரே சொல், விசைப்பலகையில் இடஞ்சுட்டியை அடுத்த நிறுத்தத்துக்குத் தாவச் செய்யும் விசையையும், தாளின் ஓரத்தில் நீட்டிய பட்டையையும் குறிக்கும். இவை வேறுவேறு பொருள்கள். மைக்ரோசாஃப்டும் கூகுளும் கைக்கொண்ட தாவல், கேடீஈ மேசைச்சூழலின் மொழிபெயர்ப்பில் வந்த தத்தல் ஆகிய சொற்கள் விசையின் தொழிலுக்குப் பொருந்துவன. பட்டைக்கு அவற்றைச் சொல்லும்போது, தாவுவது பயனர் கையா பக்கமா என்ற மயக்கம் எழுகிறது. ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் வடிவம் ஆளும் கீற்று, மெல்லிய நீள்துண்டு என்ற பொருளால் பட்டையின் உருவத்தைப் பிடித்துவிடுகிறது. தென்னங்கீற்றால் கூரையும் பந்தலும் வேய்ந்த பொருநைக் கரையில் அச்சொல்லுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. எனினும் பரவலில் முந்தியது தாவலே.

பாடமாக வந்தது தொழிலாக மாறியதற்கு இப்பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பு சான்றாகிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில், வலையமைப்புகளை மேலாளும் ஜாவா மென்பொருள்களோடு தொடங்கி 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது; குற்றால மலையடிவாரத்து மத்தளம்பாறை அதன் இடமாயிற்று. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் ஸோஹோ டெஸ்க் அங்கு உருவானது. இது உலாவியில் இயங்கும் வகை மென்பொருள். உலாவியில் பழைய கருவித்தொகுதி தந்த வசதி கிடையாது. எச்டிஎம்எல் மொழியில் கீற்று என்னும் ஆயத்த உறுப்பு இல்லாமையால், வலை நிரலாளர்கள் வெறும் பெட்டிகளை அடுக்கி, பாணித்தாளால் பட்டையாக்கி, ஜாவாஸ்கிரிப்டால் மாற்றிக் காட்டுகின்றனர். திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கு எது பட்டை, எது பக்கம் என்று அறிவிக்கும் குறிகள் 2014-இல்தான் தர அளவாயின.

ஃபிளாக் குத்திவந்த தமிழக அரசு அலுவலகங்களோ இப்போது தேசியத் தகவலியல் மையத்தின் இ-ஆஃபிஸ் மென்பொருளுக்கு மாறிவருகின்றன. அதில் கோப்பைத் திறந்தால் இடப்பக்கம் பச்சை நிறத்தில் குறிப்பும் வலப்பக்கம் கடிதப் போக்குவரத்தும் அருகருகே தோன்றுகின்றன. இரண்டும் தனித்தனிக் கீற்றுகளுக்குள் அடைக்கப்படவில்லை. குறிப்பின் இடையே ஒரு கடிதத்தைச் சுட்டவேண்டிய எழுத்தர், வாக்கியத்தின் அந்த இடத்திலேயே இணைப்பொன்றை வைக்கிறார். அதிகாரி அதைத் தொட்டதும் எதிர்ப்பக்கத்தில் அக்கடிதம் திறக்கிறது.