கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு அறை

முதல் வருடம் சேர்ந்த இரண்டாவது வாரம் வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். "அசைன்மென்ட்டை நானே எழுதினேன், யாருடையதையும் பார்த்து எழுதவில்லை" என்று உறுதிமொழி. அறுபது பேரும் இரண்டே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டோம். எத்தனை பேர் படித்துப் பார்த்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மாதிரி உறுதிமொழிக்குப் பழைய கதை ஏதாவது உண்டா என்று அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். தேடல் ஒரு கொலையில் போய் நின்றது!

இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகம். தாமஸ் ஜெஃபர்சன் நிறுவியது, 1825-ல் வகுப்புகள் தொடங்கின. மாணவர்கள் கண்ணியவான்கள், தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். வந்தவர்களோ பெரும்பாலும் பண்ணை முதலாளிகளின் பிள்ளைகள். குடி, சூதாட்டம், துப்பாக்கி எல்லாம் உண்டு. அந்த வருடம் அக்டோபரிலேயே கலவரம். 82 வயது ஜெஃபர்சன் மாணவர்கள் முன்னால் எழுந்து நின்றார், பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு விதிகள் இறுகின. விடியற்காலையில் எழ வேண்டும், சீருடை போட வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒற்றன் வேலை, மாணவர்களுக்கு அவர்களை ஏமாற்றும் வேலை. (எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?)

1840 நவம்பர் 12 இரவு, முகமூடி போட்ட மாணவர்கள் வளாகத்தில் துப்பாக்கி வெடித்து ரகளை செய்துகொண்டிருந்தார்கள். சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் வெளியே வந்து ஒருவனுடைய முகமூடியை விலக்கப் பார்த்தார். அவன் சுட்டுவிட்டான். இரண்டு நாளில் டேவிஸ் இறந்துபோனார். பிடிபட்ட மாணவன் பிணையில் வெளியே வந்தான், விசாரணைக்குத் திரும்பவேயில்லை.

டேவிஸின் இடத்துக்கு வந்தவர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர். 1842 ஜூலை 4 அன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேர்வு எழுதும் ஒவ்வொருவரும், இந்த விடைகளுக்கு வாய்மொழியாகவோ எழுத்திலோ அச்சிலோ எந்த உதவியும் பெறவில்லை என்று தன் மானத்தின் பேரில் எழுதித் தர வேண்டும். கொலை நடந்த இடத்தில் நாமாக இருந்தால் காவலைக் கூட்டியிருப்போம். டக்கர் குறைத்தார். "உன் வார்த்தையை நம்புகிறேன்" என்று சொன்னால் பொய் சொல்வது அவமானமாகிவிடும் என்பது கணக்கு. அது பலித்தது என்றே சொல்ல வேண்டும். மாணவர்களே அந்த முறையைச் சொந்தமாக்கிக்கொண்டு, தங்கள் சகாக்களைத் தாங்களே விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் யாருடைய வார்த்தை? அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டியதிலும், மாணவர்களின் அறையைக் கூட்டி விறகு போட்டதிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது. அன்றைய வர்ஜீனியாவில் கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சிகூடச் சொல்ல முடியாது. அதாவது மானம் என்பது செயலைப் பற்றிய பேச்சு அல்ல, நீ எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதைப் பற்றியது. அதனால்தான் தண்டனையும் ஒன்றே ஒன்று: வெளியேற்றம். மானம் உள்ளவன் உள்ளே, இல்லாதவன் வெளியே, நடுவில் ஒன்றும் கிடையாது. முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தது 1950-ல், பெண்களுக்கு முழுமையாகக் கதவு திறந்தது 1970-ல். இருந்தும் அந்த ஒற்றைத் தண்டனை மட்டும் மாறவில்லை.

இனி 2001. லூயிஸ் ப்ளூம்ஃபீல்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் அங்கே ஓர் அறிமுகப் பாடம் நடத்திவந்தார். அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் பாடம். நூற்றுக்கணக்கில் மாணவர்கள், ஆளுக்கு ஒரு கட்டுரை. பழைய கட்டுரையைக் காப்பி அடித்தவர்களுக்கு என்னைவிட அதிக மதிப்பெண் என்று ஒரு மாணவி புலம்ப, அவர் ஒரு நிரல் எழுதினார். இரண்டு கட்டுரைகளில் அடுத்தடுத்து ஆறு சொற்கள் ஒரே மாதிரி வரும் இடங்களை அது தேடிப் பிடிக்கும். ஐந்து பருவங்களின் கட்டுரைகள், ஏறக்குறைய 1,500. முதலில் 122 பேர் சிக்கினார்கள், கடைசியில் எண்ணிக்கை 158.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. பொருத்தம் என்றால் இரண்டு கட்டுரை. ஒருவன் அடித்தவன், இன்னொருவன் எழுதியவன். எழுதியவன் மேலும் வழக்கு! பலர் தங்கள் கட்டுரை கை மாறியதே தெரியாதவர்கள், விடுவிக்கப்பட்டார்கள். ஒன்றரை வருடம் விசாரணை இழுத்தது. முடிவில் வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களுமாக 48 பேர். ஒரு சின்னக் கட்டுரைக்குப் படிப்பே போகும் என்றால், விசாரிக்கிற மாணவனுக்குக் "குற்றவாளி" என்று சொல்லக் கை நடுங்காதா? தண்டனை கடுமையாக இருந்தால் தப்பு குறையும் என்பார்கள். தீர்ப்பும் சேர்ந்து குறையும் என்பது என் கட்சி.

மாணவர்களுக்கும் அது புரிய இன்னும் இருபது வருடம் ஆனது. 2022-ல் நடந்த வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு வெளியேற்றம் போய், இரண்டு பருவ விலக்கல் வந்தது. 2023-ல் அதுவும் மாறி, குற்றத்துக்குத் தகுந்தபடி பலவிதத் தண்டனைகள் வந்தன.

டக்கருடைய 1842 வாசகத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். உதவி பெறவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது. உதவி கொடுக்கவும் இல்லை என்பது பிற்பாடு சேர்ந்தது. உடனே எங்கள் வகுப்புத் தாள் ஞாபகம் வந்தது. அதிலும் "பார்த்து எழுதவில்லை" மட்டும்தான், பார்க்கக் கொடுத்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கையெழுத்துக்கு இரண்டு நாள் கழித்து என் அசைன்மென்ட் ஃபைலை பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் கொடுத்தேன். "சும்மா ஒரு ஐடியாவுக்கு மச்சி" என்று வாங்கிப் போனான். இருவருக்கும் ஒரே மார்க் வந்தது. ஃபைல் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, நாளைக்குக் கேட்டு வாங்க வேண்டும்.