நெய்வேலிப் பங்கும் நெய்வேலியாரின் சேமிப்பும்: ஓர் இடர் வரலாறு

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14-இல் பதிவானது. 1957 மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. மறு ஆண்டே சோவியத் உதவியுடன் எழுந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. சம்பளம், குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி என்று டவுன்ஷிப் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே நிறுவனத்தின் நிழலில் வளர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் தானே முடிவெடுத்துப் பங்கு வாங்கும் ஒருவருக்கு முதல் ஆபத்து எது? சந்தையின் ஏற்ற இறக்கம் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஏற்கெனவே எதை நம்பி வாழ்கிறாரோ அதன் மீதே சேமிப்பையும் ஏற்றி வைப்பதுதான் முதல் ஆபத்து என்பதே இக்கட்டுரையின் முடிவு. அந்த மனப்போக்குக்கு ஒரு வரலாறு உண்டு.

முதல் தலைமுறை ஊழியருக்குச் சேமிப்பு என்றால் பி.எப்., எல்.ஐ.சி., அஞ்சலகம், சீட்டு, ஒரு மனை. பங்குச் சந்தை சென்னையில் செகண்ட் லைன் பீச் பக்கம் இருந்த தொலைதூர விஷயம். மாதச் சம்பளக்காரர்களைச் சந்தைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது 1964-இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.-64. அரசு இருக்கிறது, முதல் போகாது என்பதே அதன் மீதான நம்பிக்கை. 2001 ஜூலையில் அதன் விற்பனையும் திரும்ப வாங்குதலும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டபோது அந்த நம்பிக்கை அடி வாங்கியது. அதற்குள் 1996-ஆம் ஆண்டின் டெபாசிட்டரி சட்டம் காகிதப் பங்குகளை டிமேட் கணக்குக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. டவுன்ஷிப்பின் எந்த வட்டத்தில் குடியிருப்பவரும் வீட்டிலிருந்தபடியே பங்கு வாங்கும் காலம் வந்தது.

நெய்வேலிப் பங்கு வெறும் பங்காக இல்லாமல் போனதற்குக் காரணம் இரண்டு போராட்டங்கள். 2006 ஜூனில் நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியில் இருந்த தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. ஜூலை 6-இல் பிரதமர் மன்மோகன் சிங், நெய்வேலி மட்டுமல்லாமல் எல்லாப் பங்கு விற்பனை முடிவுகளையும் நிறுத்தி வைத்தார். 2013-இல் பிரச்சினை வேறு உருவில் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அன்றைய விதி; மத்திய அரசிடம் இருந்ததோ 93.56 சதவீதம். மீண்டும் வேலைநிறுத்தம். முதல்வர் ஜெயலலிதா, தனியாருக்குப் போக வேண்டாம், தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார். ஐந்து மாநில அரசு நிறுவனங்கள் 3.56 சதவீதத்தை, பங்கு ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு, ஏறத்தாழ 360 கோடி கொடுத்து வாங்கின. ஓர் ஊரின் உழைப்பாளர்கள் தங்கள் நிறுவனத்தைக் காக்க நின்ற அந்த நிலைப்பாட்டை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் ‘இது நம்ம கம்பெனி’ என்ற உணர்வு போராட்டக் களத்தில் நியாயமானது; டிமேட் கணக்கில் அது எடையைக் கூட்டிக்கொண்டே போகும்.

விலை வரலாற்றைப் பார்த்தால் அந்த எடை புரியும். 2008 ஜனவரியில் இப்பங்கு 200 ரூபாயைத் தாண்டி விற்றது. 2013-இல் 60. இருநூறு அறுபதானால் இழப்பு 70 சதவீதம். அறுபது மறுபடி இருநூறாக 233 சதவீதம் ஏற வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் அந்த அறுபதுக்கும் கீழே போனது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 7 சதவீதத்தை விற்றபோது வைத்த அடிப்படை விலை 212 ரூபாய். இடையில் டிவிடெண்டு வந்தது உண்மைதான். ஆனாலும் உச்சத்தில் வாங்கியவர் முதலைப் பார்க்கப் பதினாறு ஆண்டு ஆகிவிட்டது. அதே 2008 உச்சத்தில் இருந்து விழுந்த சென்செக்ஸ், 2010 நவம்பரிலேயே 21,000-ஐ மறுபடி தொட்டுவிட்டது. ஒற்றைப் பங்குக்கும் பரவலான முதலீட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று நெய்வேலியாருக்குத் தேவையில்லை.

உள்ளே வேலை பார்ப்பதால் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இங்கே இன்னொரு கண்ணி. எந்த யூனிட் ஓடுகிறது, எது நிற்கிறது என்பது ஊழியருக்குத் தெரியும். பங்கின் விலையோ மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணத்தையும், மின் வாரியங்கள் வைக்கும் பாக்கியையும், சுரங்கத்துக்கு நிலம் கிடைப்பதையும் பார்க்கிறது. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவி கிராமத்தில் பச்சை நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பை எந்த ஷிப்ட் பதிவேடும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. 2020-இல் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் மே மாதத்திலும் ஜூலையிலும் பாய்லர் விபத்துகள் நடந்து உயிர்கள் போயின. அப்படி ஒரு நாளில் ஊழியரின் வேலையும் சேமிப்பும் ஒருசேர ஆட்டம் காண்பது எவ்வளவு கொடியது!

ஆகவே, நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் இடர்க் கணக்கில் சம்பளத்தையும் ஓய்வுக்காலப் பலன்களையும் முதலிலேயே ‘நெய்வேலிப் பங்கு’ என்று எழுதிவிட வேண்டும். அதற்கு மேல் அந்தப் பங்கில் போடும் தொகை சேமிப்பின் சிறு பகுதியைத் தாண்டக் கூடாது. வாங்கிய விலை வரட்டும், விற்கலாம் என்று காத்திருப்பது மனத்தின் வேலை. சந்தைக்கு நாம் வாங்கிய விலை தெரியாது. வாங்கும் நாளிலேயே எந்தக் காரணம் பொய்த்தால் விற்பேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பவர் பிறகு தன்னோடு தானே சண்டை போட வேண்டியிருக்காது.

இன்று ஊர் இளைஞர்களின் கைபேசியில் வந்திருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ் அண்டு ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். நஷ்டம் ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். சொசைட்டி லோன் எடுத்தோ பி.எப். முன்பணம் எடுத்தோ அந்தப் பக்கம் போக நினைக்கும் நெய்வேலி இளைஞர், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த எண்ணை வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.