ரப்பர் ஃபேக்டரி: மூடிய டயர் ஆலையில் பிறந்த புளூஸ் ராக் இசைத்தொகுப்பு

'தி பிளாக் கீஸ்' என்ற அமெரிக்க இருவர் இசைக்குழு 2004 செப்டம்பரில் வெளியிட்ட மூன்றாவது இசைத்தொகுப்பு 'ரப்பர் ஃபேக்டரி'. குழுவில் டான் ஆயர்பாக் கிட்டார் வாசித்துப் பாடுகிறார்; பாட்ரிக் கார்னி டிரம்ஸ் வாசிக்கிறார். பாஸ் கிட்டாருக்கோ விசைப்பலகைக்கோ தனிக் கலைஞர் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், கைவிடப்பட்ட ஒரு டயர் ஆலையின் இரண்டாம் தளத்தில் இத்தொகுப்பு பதிவுசெய்யப்பட்டது. 'ரப்பர் ஆலை' என்று பொருள்படும் பெயர் வந்தது அதனால்தான்.

இத்தொகுப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கரடுமுரடான ஒலியைக் குறிப்பிடுவர். அந்த ஒலி தற்செயலாக அமைந்ததன்று. மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின மக்கள் வளர்த்த ஓர் இசைமுறையும், ஒரு தொழில் நகரத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதில் சந்திக்கின்றன.

ரப்பரின் நகரம்

1870இல் பெஞ்சமின் குட்ரிச் தன் ரப்பர் தொழிலை ஆக்ரனுக்குக் கொண்டுவந்தார். 1898இல் குட்இயர், 1900இல் ஃபயர்ஸ்டோன், 1915இல் ஜெனரல் டயர் ஆகிய நிறுவனங்கள் அங்கே தொடங்கப்பட்டன. மோட்டார் வாகனம் பரவியபோது அதற்கான டயர்களைச் செய்த நகரமாக ஆக்ரன் வளர்ந்தது. 1910இல் சுமார் 69,000 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 1920இல் 2,08,000ஐத் தாண்டியது. உலகின் ரப்பர் தலைநகரம் என்று அது அழைக்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியா போன்ற மலைப்பகுதிகளிலிருந்தும் தென் மாநிலங்களிலிருந்தும் வெள்ளையரும் கறுப்பரும் வேலை தேடி வந்தனர். 1936இல் ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தங்கள் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றவை.

ஆக்ரனின் ஆலைகளுக்கு வேண்டிய இயற்கை ரப்பர் அமெரிக்காவில் விளையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பெரும்பகுதி பிரிட்டிஷ் மலாயா, இலங்கை உள்ளிட்ட ஆசியத் தோட்டங்களிலிருந்து கப்பலேறியது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணி முறையில் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள். 1922இல் பிரிட்டன் மலாயா, இலங்கை ரப்பரின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதனால் விலை உயரவே, ஹார்வி ஃபயர்ஸ்டோன் மாற்று வழி தேடினார். 1926இல் லைபீரிய அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் மூலம் 10 லட்சம் ஏக்கர் வரையிலான நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் உரிமையை அவர் பெற்றார். ஆக்ரனின் செழிப்பில் அந்நகரைக் கண்டிராத பலருடைய உழைப்பும் கலந்திருந்தது.

1970களில் இந்தச் செழிப்பு கரையத் தொடங்கியது. ரேடியல் டயர்களின் வருகை, வெளிநாட்டுப் போட்டி, உற்பத்தியைத் தொழிற்சங்க வலுக் குறைந்த தென் மாநிலங்களுக்கு மாற்றிய நிறுவனங்களின் முடிவு ஆகியவை சேர்ந்து ஆக்ரனின் ஆலைகளை ஒவ்வொன்றாக மூடின. ஜெனரல் டயரின் ஆக்ரன் ஆலை 1982இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயர்பாக் 1979இலும் கார்னி 1980இலும் பிறந்தவர்கள். ஆலைகள் ஓடிய காலத்தை அவர்கள் நேரில் அறியவில்லை; அறிந்தது அவற்றின் வெற்றுக் கட்டடங்களையே. அவர்கள் படித்த உயர்நிலைப் பள்ளியின் பெயரும் ஃபயர்ஸ்டோன்தான்.

மலைநாட்டு புளூஸ்

புளூஸ் என்றதும் பலருக்கு நினைவு வருவது மிசிசிப்பி டெல்டா சமவெளியின் இசை. மூன்று கார்டுகள் பன்னிரண்டு அளவுகளுக்குள் சுழன்று திரும்பும் வடிவம் அதில் பரவலானது. அதே மாநிலத்தின் வடபகுதியிலுள்ள குன்றுப் பிரதேசத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. அங்கே கார்டு மாற்றங்கள் மிகக் குறைவு. சில பாடல்கள் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கார்டில் நிற்கும். ஒரு சிறிய கிட்டார்த் தொடர் மீண்டும் மீண்டும் வரும். தம்புராவின் சுருதிபோல் அடியில் ஓர் ஓசை விடாமல் ஒலிக்க, அதன்மேல் தாளமும் குரலும் நகரும். இது ஆடுவதற்கான இசை. குழலும் முரசும் கொண்டு வாசிக்கும் பழைய கிராமிய மரபும் அப்பகுதியில் இருந்ததால், கிட்டாரையே தாளக் கருவிபோல் வாசிக்கும் பழக்கம் அங்கே இயல்பாக அமைந்தது.

1959இல் நாட்டாரியல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் இப்பகுதியில் ஃபிரெட் மெக்டவல் என்ற விவசாயியின் இசையைப் பதிவுசெய்தார். அடுத்த தலைமுறையில் ஆர்.எல். பர்ன்சைடும் ஜூனியர் கிம்ப்ரோவும் இம்மரபின் முதன்மைக் கலைஞர்களாக விளங்கினர். 'ஜூக் ஜாயின்ட்' எனப்படும் சிறு கேளிக்கை விடுதிகளில், வார இறுதிகளில், அக்கம்பக்கத்தினருக்காக அவர்கள் வாசித்தனர். 1990களில் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தோன்றிய ஃபேட் பாசம் என்ற சிறு நிறுவனம் அவர்களைப் பதிவுசெய்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. 1992இல் தன் முதல் முழுத் தொகுப்பு வெளியானபோது கிம்ப்ரோவுக்கு வயது 62. 1998இல் அவர் காலமானார்.

ஆயர்பாக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு இந்த இசையில் மூழ்கியவர். கிம்ப்ரோவின் பதிவுகளே அவருக்கு முதன்மைப் பாடமாக இருந்தன.

இருவர் குழு

சிறுவயது முதல் ஒரே பகுதியில் வளர்ந்த ஆயர்பாக்கும் கார்னியும் 2001இல் குழுவைத் தொடங்கினர். கார்னியின் வீட்டு நிலவறையே அவர்களது ஒலிப்பதிவுக்கூடம். 2002இல் வெளிவந்த முதல் தொகுப்பு அங்கேதான் பதிவானது. 2003இல் ஃபேட் பாசம் வெளியிட்ட இரண்டாவது தொகுப்பான 'திக்ஃபிரீக்னெஸ்', பெரும்பாலும் 14 மணிநேர ஒரே அமர்வில் பதிவுசெய்யப்பட்டது. இரண்டிலும் கிம்ப்ரோவின் பாடல்கள் இடம்பெற்றன.

அந்த ஆண்டுகளில் டெட்ராய்ட் நகரின் 'தி ஒயிட் ஸ்டிரைப்ஸ்' என்ற மற்றொரு இருவர் குழுவும் பெரும்புகழ் பெற்றிருந்தது. இரு குழுக்களையும் ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாயிற்று. ஒயிட் ஸ்டிரைப்ஸ் சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிற உடைகளும் நாடகத்தன்மையும் கொண்டு தம்மை அமைத்துக்கொண்டது. பிளாக் கீஸிடம் அத்தகைய ஒப்பனை இல்லை. பிந்தைய குழுவின் இசை, கார்டை மாற்றாமல் ஒரே தொடரை அழுத்திச் செல்லும் மலைநாட்டு முறைக்கு நெருக்கமானது.

ஆலைக்குள் ஒலிப்பதிவு

நிலவறையைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாமற்போனபோது குழு வேறிடம் தேடியது. ஜெனரல் டயரின் பழைய ஆலைக் கட்டடத்தில் ஒரு தளம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. 2004இன் முற்பகுதியில், சில மாதங்கள், அங்கேயே பாடல்களைப் பதிவுசெய்தனர். வெளித் தயாரிப்பாளர் எவரும் இல்லை. தயாரிப்பையும் அவர்களே பார்த்துக்கொண்டனர். இணைய ஏலத்தில் வாங்கிய பழைய மிக்ஸிங் மேசை அடிக்கடி பழுதானது. அறையின் ஒலியமைப்பும் பதிவுக்கு ஏற்றதாக இல்லை. வேலை முடிந்தபின், தூக்கிச் செல்ல முடியாத அளவு கனமான அந்த மேசையை அங்கேயே விட்டுச் சென்றனர். கட்டடம் 2010இல் இடிக்கப்பட்டது.

அக்காலப் பெருநிறுவன ஒலிப்பதிவுகளின் போக்கு இதற்கு நேர்மாறானது. குரலின் சுருதிப் பிழையைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997இல் வந்தது. தாளத்தைக் கணினியில் நேர்செய்வதும், ஒரு பாடலைப் பல துண்டுகளாகப் பதிந்து ஒட்டுவதும் வழக்கமாகிக் கொண்டிருந்தன. அப்படிப்பட்ட பாடல்களுக்கிடையே 'ரப்பர் ஃபேக்டரி'யைக் கேட்டவர்களுக்கு, இரண்டு பேர் ஓர் அறையில் நின்று வாசிக்கிறார்கள் என்ற உணர்வே முதலில் தோன்றியது.

ஒலி எப்படி உருவாகிறது

ராக் குழுவில் பாஸ் கிட்டார் இரண்டு வேலைகளைச் செய்யும். தாழ்ந்த ஓசைகளை நிரப்பும். தாளத்தையும் இசையையும் இணைக்கும். அது இல்லாதபோது அந்த வேலை மற்ற இருவர்மீது விழுகிறது. ஆயர்பாக் கிட்டாரின் தாழ்ந்த தந்திகளில் தொடரை அமைத்து, ஃபஸ் என்னும் கருவி வழியாக ஒலியைத் தடிமனாக்குகிறார். ஃபஸ், மின்குறியை அளவுக்கு மீறிப் பெருக்கி அதன் முகடுகளைச் சீவிவிடும். அதனால் புதிய மேலோசைகள் பிறந்து, கிழிந்ததுபோலவும் கனத்ததுபோலவும் ஒலி கேட்கும். கார்னியின் டிரம்ஸ் நேரான, கனமான அடிகளால் ஆனது. கிட்டார் எங்கே நிற்கிறதோ அங்கே டிரம்ஸும் நிற்கிறது. வேறு கருவி எதுவும் மறைக்காததால் இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளி தெளிவாகக் கேட்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று கேட்பவரை எதிர்பார்க்க வைப்பது அந்த இடைவெளிதான்.

எளிமை என்றால் எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று பொருளன்று. தொகுப்பின் 13 பாடல்களில் '10 ஏ.எம். ஆட்டோமேட்டிக்' விரைந்து செல்லும் ராக் பாடல். தொடக்கப் பாடலான 'வென் தி லைட்ஸ் கோ அவுட்' மிக மெதுவாக, ஒரே தொடரை இழுத்துச் செல்கிறது. 'தி லெங்த்ஸ்' தணிந்த குரலில் அமைந்த சோகப் பாடல். சத்தத்துக்கு நடுவே அது வரும்போது குழுவின் வேறொரு முகம் தெரிகிறது.

மூன்று பழைய பாடல்கள்

பிறரிடமிருந்து எடுத்த மூன்று பாடல்கள் குழு தன் முன்னோரை எங்கே தேடியது என்பதைக் காட்டுகின்றன. 'குரோன் சோ அக்லி' லூயிசியானாவின் ராபர்ட் பீட் வில்லியம்ஸ் உருவாக்கியது. கொலைக் குற்றத்துக்காக அங்கோலா சிறையில் இருந்தபோது, 1950களின் இறுதியில், நாட்டாரியல் ஆய்வாளர்கள் அவரைக் கண்டு அவருடைய இசையைப் பதிவுசெய்தனர். சிறைவாசத்தில் தன் முகமே மாறிப்போனதைக் காணும் மனிதனின் அதிர்ச்சியை அப்பாடல் சொல்கிறது.

'ஸ்டாக் ஷாட் பில்லி' ஒரு நாட்டார் கதைப்பாடலின் வழிவந்தது. 1895 கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் லூயிஸ் நகரின் மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லையன்ஸைச் சுட்டார். தகராறு ஒரு தொப்பியைப் பற்றியது. அந்தச் சம்பவம் வாய்மொழியாகப் பரவி, நூற்றாண்டுக்கும் மேலாகப் பல வடிவங்களில் பாடப்படுகிறது. மூன்றாவது பாடல் 'தி கிங்க்ஸ்' என்ற பிரிட்டிஷ் குழு 1967இல் வெளியிட்டது. அமெரிக்க புளூஸைக் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் ராக் தலைமுறையைச் சேர்ந்தது அக்குழு. அதன் மென்மையான பாடலைச் சேர்த்ததன் மூலம் அந்த மறுமுனையையும் தொகுப்பு தொட்டுச் செல்கிறது.

யாருடைய கரடுமுரடு?

இத்தொகுப்பைப் பாராட்டும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. பர்ன்சைடும் கிம்ப்ரோவும் எளிய கருவிகளில் வாசித்ததற்கு வறுமையும் இனப் பாகுபாடும் காரணம். முதுமையில்தான் அவர்களை உலகம் கவனித்தது. அதே ஒலியை விரும்பித் தேர்ந்துகொண்ட இரண்டு வெள்ளை இளைஞர்களுக்கு இருபதுகளின் நடுவிலேயே அந்தக் கவனம் கிடைத்தது. ராக் இசையின் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்த ஏற்றத்தாழ்வு இது.

பிளாக் கீஸ் தன் மூலங்களை மறைக்கவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். 2006இல் முழுக்க கிம்ப்ரோவின் பாடல்களைக் கொண்ட 'சுலஹோமா' என்ற சிறு தொகுப்பை வெளியிட்டது. கிம்ப்ரோவின் விடுதி இருந்த இடத்தின் பெயர் அது. கிம்ப்ரோவின் மனைவி விட்ட தொலைபேசிச் செய்தியோடு அத்தொகுப்பு முடிகிறது. பெயரைச் சொல்வதால் மட்டும் ஏற்றத்தாழ்வு நீங்கிவிடாது. ஆனால் கேட்பவர் மூலக் கலைஞரிடம் செல்ல அது வழி காட்டுகிறது.

'ரப்பர் ஃபேக்டரி' வெறும் நகலாக நின்றுவிடாததற்கு இன்னொரு காரணம் அதன் இடம். பருத்தி வயலைக் கண்டிராதவர்கள் அதைப் பற்றிப் பாடவில்லை. பாடல்களில் ஆலை மூடல்கூடப் பேசுபொருளன்று. காதலும் பிரிவும் கோபமுமே அவற்றின் பொருள். ஆனால் தலைப்பிலும் ஒலியிலும் ஆக்ரன் இருக்கிறது. வாசிக்கும் முறையை மிசிசிப்பியிடம் கற்றவர்கள், வாசிக்கும் அறையைத் தம் நகரத்தின் இடிபாட்டிலேயே தேர்ந்தனர். இந்தக் கரடுமுரடு கேட்பவருக்குப் போலியாகத் தோன்றாததற்கு இதுவே அடிப்படை.

பின்னர்

வெளியானபோது இத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 143ஆம் இடத்தை எட்டியது. பெரிய வணிக வெற்றி அன்று. ஆனாலும் அப்பட்டியலில் குழு நுழைந்தது இதன் மூலம்தான். பெரும்புகழ் 2010இல் 'பிரதர்ஸ்', 2011இல் 'எல் கமீனோ' ஆகிய தொகுப்புகளால் வந்தது. அவற்றில் கருவிகள் கூடின, ஒலி மெருகேறியது. 2021இல் 'டெல்டா கிரீம்' என்ற தொகுப்பில் குழு மீண்டும் மலைநாட்டுப் பாடல்களுக்குத் திரும்பியது. இம்முறை பர்ன்சைடுடன் வாசித்த கென்னி பிரவுனும், கிம்ப்ரோவுடன் வாசித்த எரிக் டீட்டனும் உடனிருந்தனர்.

ஜெனரல் டயரின் அந்தப் பழைய கட்டடம் இன்று இல்லை. அதன் சுவர்களில் மோதித் திரும்பிய டிரம்ஸ் ஓசை இத்தொகுப்பில் எஞ்சியிருக்கிறது. புளூஸ் வரலாற்றைக் கற்க விரும்பும் மாணவர் 'ரப்பர் ஃபேக்டரி'யைக் கேட்டு, அங்கிருந்து ராபர்ட் பீட் வில்லியம்ஸ், ஜூனியர் கிம்ப்ரோ, ஃபிரெட் மெக்டவல் என்று பின்னோக்கிச் செல்லலாம்.