இணையத்தின் பாதையும் பூட்டும்

எங்கள் திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் விதத்தைக் காணாதவர்க்குச் சொல்லுகிறேன். நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படும். வேறோரிடத்தில் சாயம் ஏறும். வெட்டும் மேசைக்கு வந்தபின் முன்பக்கம், பின்பக்கம், கை எனத் தனித்தனிக் கட்டுகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு கட்டிற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண் இல்லையேல் ஒரு சாயத்தொட்டியின் கையும் வேறொரு தொட்டியின் உடலும் கூடித் தைக்கப்பட்டு, நிற வேறுபாடு பல்லிளிக்கும். இணையம் செய்திகளைக் கொண்டு செல்லும் முறையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென ஒரு பாதை ஒதுக்கப்படுவது பழைய வழக்கம். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே வேறொரு வழியைக் கண்டனர். செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரியும் வரிசையெண்ணும் பொறித்து, கிடைத்த வழியில் அனுப்பலாம். ஒரு வழி அறுந்தால் மறுவழி. 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். முதலிரண்டு எழுத்துகள் சென்றன. அத்துடன் கணிப்பொறி நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம், செய்யுளைப் பாதியில் மறந்து விழிக்கும் மாணவர்க்கு ஒரு தெம்பு பிறப்பதைக் கண்டிருக்கிறேன்.

வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வகுத்த திட்டத்திலிருந்து வளர்ந்த விதிகள், 1983 ஜனவரி முதல் நாள் அவ்வலை முழுவதும் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டில் 1986இல் எர்நெட் என்னும் கல்வி வலை தொடங்கிற்று. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கும் கதவைத் திறந்தது.

இதனை விளக்க, வகுப்பில் ஒரு வாக்கியத்தை எட்டுத் துண்டுக் காகிதங்களில் எழுதி, எண்ணிட்டு, வெவ்வேறு பெஞ்சுகளின் வழியே கடைசி வரிசைக்கு அனுப்புவேன். ஒருமுறை நடுப்பெஞ்சுக் குறும்பன் ஒருவன், ஐந்தாம் துண்டில் இருந்த 'நாளை' என்பதை அடித்துவிட்டு 'இன்று' என எழுதிவிட்டான். துண்டுகள் யாவும் ஒழுங்காகவே சேர்ந்தன. ஆனால், 'இன்று விடுமுறை' என்று படித்த கடைசி வரிசை, புத்தகப் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது! அவனைக் கடிந்துகொண்டேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், நான் விளக்கத் தவறியதை அவனே விளக்கினான் என்று தோன்றிற்று.

இணையத்தை அமைத்தோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். பொட்டலம் போய்ச் சேருமா என்பதே அவர்தம் முதற்கவலை. இடையில் எவனேனும் படிப்பானா, திருத்துவானா என்பது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் விடுத்த நிரலொன்று தன்னைத்தானே படியெடுத்துப் பரவி, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைத் திணறடித்தது. ஊர் பெருகிவிட்டது, கதவுகளோ தாழிடப்படவில்லை.

பூட்டுக்கான கணக்கு அதற்கு முன்பே பிறந்திருந்தது. முன்பின் காணாத இருவர், ஊரார் பார்க்கும் வழியிலேயே இரகசியம் பேசுவது எப்படி? 1976இல் டிஃபியும் ஹெல்மனும் விடை கூறினர். மறு ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் மற்றொரு முறை கண்டனர். திறந்த பூட்டுகளை யாவர்க்கும் வழங்கிவிட்டுச் சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்வதாகக் கருதுங்கள். எவரும் பூட்டி அனுப்பலாம், நீங்களே திறக்க இயலும். 61ஐயும் 53ஐயும் பெருக்கினால் 3,233. இது எளிது. 3,233ஐக் கொடுத்து, எவ்விரு எண்களின் பெருக்கம் என்று கேட்டால்? பென்சிலைக் கடிக்க வேண்டியதுதான். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணாயின் இன்றைய கணிப்பொறிகளும் கைவிரிக்கின்றன. மூவர் செய்த பூட்டின் வலிமை அதில்தான் இருக்கிறது. 1990களின் நடுவில் இத்தகைய கணக்குகள் இணையப் பக்கங்களில் ஏறின. பின்னாளில் முகவரிக்கு அருகே சிறு பூட்டுப் படமும் தோன்றிற்று.

அந்தப் படத்தை நம்பித்தான் என் பழைய மாணவர் ஒருவர் ஏமாந்தார். பின்னலாடை ஏற்றுமதி செய்பவர். வெளிநாட்டிலிருந்து பின்னல் பொறி ஒன்று வாங்க முன்பணம் அனுப்பும் தறுவாயில் இருந்தார். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என மின்னஞ்சல் வந்தது. விற்பவர் பெயர், பொறியின் விலை, யாவும் சரி. பணத்தை அனுப்பினார். உண்மையான விற்பனையாளர் "பணம் எங்கே?" என்று கேட்டபோது பதினாறு நாள்கள் கழிந்திருந்தன. இத்தகைய மோசடியை 1930 என்னும் எண்ணில் உடனே தெரிவிக்கலாம். இவரோ காலங்கடந்தே அறிந்தார். அந்த ஆண்டு போனஸ் கொடுக்க வீட்டு நகை அடகுக்குப் போயிற்று.

"பூட்டுப் படம் இருந்ததுங்களே, சார்!" என்றார். இருந்தது. அவர் திரைக்கும் அஞ்சல் சேவைக்கும் இடையிலான வழியை அது செம்மையாகவே காத்தது. கடிதம் எழுதியவன் யார் என்று சொல்வது அதன் வேலையன்று. முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தோம். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலத் தோன்றுமன்றோ? அந்த இடத்தில்தான் கள்ளன் நின்றான்.

இப்போது அவர் மேசைக் கண்ணாடியின் அடியில் பழைய தொலைபேசி எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கணக்கு மாற்றம் என்று எவர் எழுதினாலும், கடிதத்திலுள்ள எண்ணை விடுத்துப் பட்டியலிலுள்ள எண்ணுக்கே பேசுகிறார். அண்மையில் அவ்வாறு பேசியபோது, மாற்றம் உண்மையாகவே இருந்ததாம். மறுமுனையில் இருந்தவர் சற்று மனத்தாங்கலுடன் பேசினாராம். பேசிவிட்டுப் போகட்டும் என்கிறார் இவர்.