வெள்ளிகள் பிறந்த காலம்

ஊரிலே முற்றத்தில் பாய் விரித்துப் படுத்து வெள்ளி எண்ணியதை எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். எத்தனை வெள்ளி எண்டுதான் நாங்கள் கேட்டோம். இவை எக்காலத்தில் கூடுதலாகப் பிறந்தன என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அதற்கு விடை கண்ட வரலாறு இது.

தூரத்து ஒளி எம்மிடம் வந்துசேர நெடுங்காலம் எடுக்கும். ஆகவே தூரத்தைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதாகும். 1995 இல் ஹபிள் தொலைநோக்கியை நடத்தும் அமெரிக்க நிலையத்தின் பணிப்பாளர் ரொபேட் வில்லியம்ஸ், தன் பொறுப்பிலிருந்த நேரத்தை வெறுமையாய்த் தெரிந்த ஒரு சிறு வான் துண்டுக்கே கொடுத்தார். வீண்வேலை எண்டு தடுத்தவர்களும் உண்டு. மார்கழி 18 தொடக்கம் 28 வரை 342 படங்கள் எடுக்கப்பட்டன. அந்த வெறுமைக்குள்ளே, எமது பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்கள் ஏறக்குறைய 3,000 தெரிந்தன!

1996 இல் பியெரோ மடாவ் குழுவினர் இப்படங்களிலிருந்து வெள்ளிகள் பிறந்த வேகத்தைக் கணக்கிட்டனர். ஆனால் ஒரு சிக்கல். வெள்ளிகள் பிறப்பது தூசிமுகிலுக்குள்; ஒளியைத் தூசி மறைத்துவிடும். 1998 இல் ஹவாய்த் தீவின் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் தொலைநோக்கி, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அலைகளில் அதே வான் துண்டைப் பார்த்தது. தூசிக்குள் மறைந்து மும்முரமாக வெள்ளிகள் பிறந்த 5 இடங்கள் அகப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்தது முழுக்கதை அல்ல எண்டு விளங்கிச்சுது.

பின்வந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து சொல்வது இதுதான்: சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறப்பு உச்சத்தில் இருந்தது. இன்று அதில் ஏறக்குறைய பத்திலொரு பங்குதான்.

ஏன் குறைந்தது? இதற்கு 2020 இல் இந்தியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. புனே நகருக்கு வடக்கே, 45 மீற்றர் விட்டமுள்ள 30 அன்ரனாக்கள் கொண்ட வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. இதை அமைத்த கோவிந்த் சுவரூப்தான் 1970 இல் ஊட்டி மலைச்சரிவிலும் ஒன்றை அமைத்தவர். ஒளித் தொலைநோக்கிகள் முன்பே இடமும் தூரமும் குறித்துவைத்த 7,653 மண்டலங்களின் மெல்லிய வானொலி அலைகளை அங்குள்ள ஆய்வாளர்கள் ஒன்றாகக் கூட்டினார்கள். தனித்தனியே பிடிபடாத ஐதரசன் வாயு, கூட்டியபோது பிடிபட்டது. 800 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயு நிறைய இருந்ததுதான். ஆனால் அன்றைய வேகத்தில் செலவழித்தால் 100 தொடக்கம் 200 கோடி ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். புது வாயு போதியளவு வந்துசேரவில்லை. விறகு வைக்காத அடுப்பு எப்படி அணையுமோ, அப்படித்தான்.

ஒளி "எப்போது" என்பதைச் சொன்னது. வானொலி "ஏன்" என்பதைச் சொன்னது. இந்தப் புத்தாண்டு இரவில் வானம் வெளித்திருந்தால் பிள்ளைகளை வெளியிலே கூட்டிச்சென்று காட்டுங்கோ. வெறுமையாய்த் தெரியும் இடத்தையும் மறக்காமல் காட்டுங்கோ.